நெஞ்சுயரக் கம்பி

மகனே,

நம் டிரெய்லரின் பக்கக் கம்பிகள் நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும் என்ற தீர்மானம், உதியன்குளங்கரை முக்கில் நம் ஒர்க்‌ஷாப் வாசலில், ஒரு கட்டன்சாயா ஆறுவதற்குள் ஒருமனதாக நிறைவேறியது. ஒருமனது என்றால் என் மனது. எதிர்த்துப் பேசியவர் உன் மாமன் செல்லையன் ஒருவர்தான். அவர் உன் அம்மாவுக்குத் தம்பி, எனக்குத் தொழிலில் கூட்டாளி. ஆகவே அவருடைய எதிர்ப்பை நான் கணக்கில் எடுக்கவில்லை. திருவிதாங்கூரின் தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்று அந்த நாட்களில் டெல்லியிலும் திருவனந்தபுரத்திலும் பெரிய மனிதர்கள் பேசிப் பேசித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டிருந்தால் இதே போல ஒரு சாயா நேரத்தில் முடித்துக் கொடுத்திருப்பேன் என்று அன்று உண்மையாகவே நினைத்தேன். கம்பி விஷயத்தில் நான் காட்டிய உறுதியை இப்போது நினைத்தால் தலை நிமிரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ மார்த்தாண்டத்திலிருந்து எழுதியது வந்து சேர்ந்தது. இடம் பார்த்துவிட்டாய், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைக்கப்போகிறாய், டிரெய்லரை உனக்குத் தந்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். தருகிறேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: மாமன் வேண்டாம், கவனமில்லாத ஆளை முன்னால் நிறுத்திக் கார் ஏற்ற உன்னால் முடியாது என்று. அந்த வரியை எழுதியது நீ. அதற்கு மை கலக்கிக் கொடுத்தது நான். உன் மாமன் தினமும் காலையில் முகம் மழித்து, சட்டை மாற்றி, நம் வீட்டு நடையில் வந்து நிற்கிறார். "மார்த்தாண்டத்துக் கடுதாசி வந்துதா அத்தான்?" என்று கேட்கிறார். இன்னும் வரவில்லை என்று சொல்கிறேன். கை அப்படி ஆனபிறகு, டிரெய்லரை இழுத்த தன் லாரியை விற்றுவிட்டார் என்பது உனக்குத் தெரியும். உன்னோடு டிரெய்லரில் நிற்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருக்கிற பிழைப்பு. நீ கூப்பிடுவாய் என்று மாமி அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள். உன் கடிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அறுபதை நெருங்குகிற ஒரு மனிதன், படித்தவன் என்று பெயர் வாங்கியவன், தலையணைக்கு அடியில் ஒரு கடிதத்தை ஒளித்துவைத்துக்கொண்டு கிடக்கிறான்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். கிளம்பவும் செய்தேன். களியக்காவிளை வரை பஸ்ஸில் வந்து, இறங்கி, கொஞ்ச நேரம் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். புதிய எல்லை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனதாக உன் அம்மாவிடம் சொன்னேன். எல்லையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு மூங்கில் தடுப்பும் ஒரு பெஞ்சும்தான் என்பது மட்டும் அதில் நிஜம். ஆகவே எழுதுகிறேன். இதை ஒட்டவில்லை. பஸ் கண்டக்டர் கையில் அப்படியே கொடுத்தனுப்புகிறேன், வழியில் அவர் படித்துவிடுவார் என்று தெரிந்தே. ஊர்க்கூட்டத்தில் சொன்ன பொய்யை ஒட்டிய உறைக்குள் வைத்துத் திரும்ப வாங்க முடியாது. நீயும் படித்துவிட்டு உன் ஒர்க்‌ஷாப் வேலைக்கு எடுக்கிற ஆட்களிடம் கொடு.

முதலில் டிரெய்லர் வாங்கிய கதை. அப்போது நீ மதுரையில் வேலை கற்றுக்கொண்டிருந்தாய். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே கார்கள் பெருகிவிட்டன, பெருகிய வேகத்தில் நின்றும்போயின. நின்ற காரைக் கயிறு கட்டி இழுத்தால் பாதி வழியில் கியர் பாக்ஸும் போய்விடும். காரை அப்படியே தூக்கி வைத்துக் கொண்டுபோக ஒரு டிரெய்லர் இருந்தால் இந்த ரோட்டில் அதற்கு ஓய்வே இருக்காது என்று சொன்னது மாமன். அவர் சொன்னவற்றில் சரியாக இருந்தவற்றை எல்லாம் பிற்பாடு நான் சொன்னதாகவே ஊரில் பேசிக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. பட்டாளத்தில் கழித்த சாமான்களைத் திருச்சிப் பக்கம் ஒரு யார்டில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். அங்கே இரண்டு டிரெய்லர் கிடந்தன. ஒன்று தாழ்ந்தது. கம்பி முழங்கால் அளவுக்கு, முன்னால் கையால் சுற்றுகிற இழுவைச் சக்கரம். காரை ஓட்டி ஏற்ற வேண்டாம், சங்கிலியைக் கொக்கியில் மாட்டிச் சுற்றினால் அதுவே ஏறும். மற்றது உயர்ந்தது. நெஞ்சு வரைக்கும் சுற்றிலும் கம்பி, இழுவைச் சக்கரம் கழன்று எங்கோ போய்விட்டிருந்தது. மாமன் உயர்ந்ததைச் சுற்றி வந்தார்.

"இது என்ன அத்தான், பன்னிக்கூடா? காரு உள்ள கேறினா ரெண்டு பக்கமும் கதவு தொறக்காது. ஓட்டிக் கேத்துனவன் எப்பிடி எறங்குவான்?"

"ஜன்னல் உண்டுல்லா," என்றேன்.

"நான் எறங்கிருவேன். நீங்க எறங்குவியளா?"

யார்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கார் உருண்டு விழாமலிருக்க உயர்ந்த கம்பிதான் பாதுகாப்பு என்று விளக்கினேன். நல்ல விளக்கம்தான். ஆனால் சக்கரத்தைக் கட்டை வைத்து, ஆக்சிலில் சங்கிலி போட்டுக் கட்டிய கார் உருளாது, கட்டாத காரை நெஞ்சுயரக் கம்பியும் தாங்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உண்மைக் காரணம் வேறு. நான் அப்போது எங்கள் பகுதி எல்லைக் கமிட்டியில் காரியதரிசி. டிரெய்லர் போகிற இடமெல்லாம் நம் கோரிக்கையும் போக வேண்டும் என்று பக்கக் கம்பியில் ஒரு பலகை மாட்ட முடிவு செய்திருந்தேன். "பாறசாலை, நெய்யாற்றின்கரை தாய்த்தமிழகத்துக்கே" என்பது வாசகம். கம்பி முழங்கால் அளவுக்கு இருந்தால் ஒரு வரிதான் எழுத முடியும், நெய்யாற்றின்கரையை விட வேண்டியிருக்கும் என்று பெயிண்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு பெயிண்டருடைய வசதிக்காக அவ்வளவு பெரிய ஊரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உயர்ந்ததை வாங்கினோம்.

ஏற்றப் படித்தது அதற்கப்புறம். நீ இனிமேல் தினமும் செய்யப்போகிற வேலை, ஆகவே நாங்கள் செய்த தப்புகளை உனக்குச் சொல்லிவைப்பதில் கொஞ்சம் பலன் உண்டு. ஆரம்பத்தில் பலகைகளைத் தரையில் வெறுமனே சாய்த்து வைத்தோம். கார் பாதி ஏறியதும் பலகை பின்னுக்கு வழுக்கி, கார் நடுவில் வயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது. பலகையின் தலையில் கொக்கி போல ஒரு கொளுவி அடித்து டிரெய்லரின் விளிம்பில் மாட்ட வேண்டும் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. பம்பரில் சங்கிலி கட்டினோம். ஊர் போய்ச் சேர்ந்தபோது பம்பர் மட்டும் கட்டில் இருந்தது. கட்டிப் புறப்பட்டு ஒரு காத தூரம் போனதும் நிறுத்தி, இறங்கி, சங்கிலியை மறுபடி இறுக்க வேண்டும். வண்டி ஆடி ஆடி எல்லாக் கட்டும் தளர்ந்திருக்கும். இதை எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே தப்பாகச் செய்து, சேர்ந்தே கற்றுக்கொண்டோம். அந்த மாதங்களில் நாங்கள் சண்டை போட்ட அளவுக்கு உன் அம்மாவோடுகூட நான் போட்டதில்லை, சிரித்த அளவுக்கு யாரோடும் சிரித்ததுமில்லை.

காரோடு ஊரில் ஒரு டாக்டருடைய காரை ஏற்றியது உனக்கு எழுதியிருந்தேன். இறக்கும்போது நேராக ஓட்டி இறக்கலாமே என்று மாமன் காரைப் பின்பக்கமாக ஏற்றச் சொன்னார். எஞ்சின் கனம் முன்னால் லாரிப் பக்கம் இருக்க வேண்டும், வாலில் இருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். கைவண்டியில் மரச்சீனிக் கிழங்கு மூட்டையைப் பின்னால் அடுக்கினால் இழுக்கிறவன் அந்தரத்தில் தொங்குவான், அதே கணக்குத்தான். அவர் கேட்கவில்லை. இறக்கத்தில் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. லாரியின் பின்சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. கடைசியில் ஒரு வாழைத்தோட்டத்தில் போய் நின்றோம். ஆளுக்கும் காருக்கும் ஒன்றுமில்லை, வாழைக்குத்தான் சேதம். மாமன் இறங்கி வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னதாக்கும் செரி அத்தான்" என்றார். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தப்பை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தபோதும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அன்று நான் சரியாகச் சொன்னேன் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதைப் பத்திரமாக வைத்திருந்து, எல்லா விஷயத்திலும் செலவழித்தேன்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். கார் ஏற்றும்போது ஓட்டுகிறவன் தன் சக்கரத்தைப் பார்க்க முடியாது. முன்மூலையில் நிற்கிறவர்தான் அவனுக்குக் கண். மாமன் டிரெய்லரின் முன்மூலையில் வெளியே நின்று குரல் கொடுப்பார். "போட்டே, போட்டே" என்றால் வரலாம். "மதி" என்றால் போதும், நில். மதி என்ற சொல் அவர் வாயை விட்டு வரும்போதே அவருடைய வலது கை பக்கக் கம்பியின் அடி இடைவெளி வழியாக உள்ளே போய்ச் சக்கரத்தின் முன்னால் கட்டையை வைத்துவிடும். தாழ்ந்த கம்பியாக இருந்தால் மேலே இருந்தே கட்டையைப் போடலாம். நம்முடையதில் கம்பிக்குள் கையை விட்டால்தான் எட்டும். சொல்லும் கையும் ஒன்றாகவே போகும், நான் சொல்லைக் கேட்டதும் பிரேக்கை மிதிப்பேன், கார் நின்ற இடத்தில் கட்டை இருக்கும். போட்டேயும் மதியும் மலையாளம் என்று அந்த மாதங்களில் எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை. நம் வீட்டில் சோறு போடும்போது உன் அம்மா கேட்பதும் அந்த மதிதான். இந்த ஊர்களில் ஒரே வாக்கியத்தில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தது என்று பிரிக்க உட்கார்ந்தால் வாக்கியம் மிஞ்சாது.

ஆனால் நான் பிரிக்க உட்கார்ந்தேன். தாய்த்தமிழகத்தோடு சேரக் கேட்கிற டிரெய்லரில், பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மலையாளத்தில் கட்டளை கொடுத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அன்று மாலையே போட்டேக்கு "வருக" என்றும், மதிக்கு "நிறுத்துக" என்றும் தமிழ் வகுத்துக் கொடுத்தேன். வாசகசாலை அலமாரியில் இருந்த தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் படித்தவன் என்ற முறையில் அந்த அதிகாரம் எனக்கு உண்டு என்று நினைத்தேன்.

"நிறுத்துகண்ணு நான் சொல்லி முடிக்கதுக்குள்ள காரு கன்னியாமரிக்கு எத்தும் அத்தான்," என்றார் மாமன்.

"பழகினா வரும்."

"நாக்குக்கு வரும். கைக்கு வரணும்லா?"

அதில் இருந்த விஷயத்தை நான் அன்று கேட்டிருக்க வேண்டும். அவர் தமாஷ் பேசுகிறவர் என்பதால் தமாஷாக எடுத்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது இரண்டு பேரும் பழைய சொற்களிலேயே வேலை செய்தோம். ஆள் பார்க்கும்போது மட்டும் தமிழ் என்பது எங்களுக்குள் சொல்லாத ஏற்பாடு. மேடையில் நான் முழங்கிய பற்று எவ்வளவு ஆழம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

மாமன் கை அப்படி ஆன அந்த நாள், உதியன்குளங்கரையில் கூட்டம். கிழக்கே இருந்து பேச வந்த தலைவரின் கார் முக்கில் வந்து நின்றுவிட்டது. ரேடியேட்டர் ஓட்டை. எஞ்சின் சற்று நேரம் ஓடும், நாகர்கோவில் போய்ச் சேராது. கூட்டம் தொடங்கும் முன் காரை டிரெய்லரில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார்கள். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? தலைவரின் கார், நம் டிரெய்லர், இரண்டு வரியில் வாசகம், சுற்றிலும் ஜனம். வழக்கமாக நான் ஓட்டி ஏற்றுவேன், மாமன் முன்னால் நிற்பார். அன்றும் அப்படியே. நான் வெளுத்த வேட்டியும் துண்டுமாக ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். ஏறுவதற்கு முன் ஜன்னல் வழியாக மாமனைக் கூப்பிட்டு, இன்றைக்குத் தமிழில் என்று ஞாபகப்படுத்தினேன். அவர் தலையாட்டினார்.

அவர் நன்றாகவே ஆரம்பித்தார். "வருக, வருக" என்று அவர் சொல்லச் சொல்ல நான் பலகையில் ஏறினேன். தலைவரைத்தான் வரவேற்கிறார்கள் என்று பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். தலைவரும் கும்பிட்டார். முன்சக்கரம் டிரெய்லருக்குள் வந்தது. இரண்டு பக்கமும் கம்பி, கண்ணாடிக்கு வெளியே கை நுழைகிற இடம்தான். மாமன் மூலையில் குனிந்தார். வரவேண்டிய இடம் வந்தபோது அவர் வாயிலிருந்து வந்த சொல், "மதி."

எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. அதன் அர்த்தமும் தெரியும். கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார், இன்னொருவர் "மலையாளத்துல சொன்னா தமிழ்நாட்டுக்காரு நிக்குமா" என்றார், நிறையப் பேர் சிரித்தார்கள். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. வேண்டுமென்றே காரை ஓட்டினேன் என்று சொல்லமாட்டேன், அந்த அளவுக்கு எனக்குத் துணிவு எப்போதும் இருந்ததில்லை. நான் சரியான சொல்லுக்காகக் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பையன் தப்பாகச் சொன்னதைக் கேட்காத மாதிரி இருப்பாரே, அந்த மாதிரி இருந்தேன். அவர் திருத்திச் சொல்வார், நான் மிதிப்பேன், பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். ஒரு மூச்சு விடுகிற நேரம். அவருடைய கை அந்தச் சொல்லோடேயே உள்ளே போயிருந்தது.

அவர் கத்தவில்லை. கம்பிக்கு மேலே அவர் முகம் தெரிந்தது. "அத்தான், பின்னால எடுங்கோ," என்றார். நான் கியரைத் தேடினேன், கிடைக்கவில்லை. "பேடிக்காண்டாம். பையப் பின்னால எடுங்கோ." பேடிக்காண்டாம் என்றால் பயப்பட வேண்டாம் என்று உனக்குத் தெரியும். சக்கரத்துக்கு அடியில் கை இருக்கிற மனிதர், காருக்குள் உட்கார்ந்திருக்கிறவனிடம் சொன்னார். எடுத்தேன். அவரை நாலைந்து பேர் தூக்கி, நின்றுகொண்டிருந்த ஒரு வாடகைக் காரில் ஏற்றி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் பாதி அந்தப் பக்கம் ஓடியது, பாதி மைதானத்துக்குப் போனது. நான் கதவைத் திறந்தேன். கம்பியில் இடித்தது. மறுபக்கக் கதவும் இடித்தது. ஜன்னல் வழியாகத் தலையையும் ஒரு தோளையும் வெளியே எடுத்தேன், அதற்கு மேல் வரவில்லை. மற்ற நாட்களில் மாமன் தோளைப் பிடித்து இழுத்துத்தான் என்னை வெளியே எடுப்பார். திருச்சி யார்டில் உன் மாமன் கேட்ட கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது. காரைப் பின்னால் இறக்கலாம் என்றால், பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. சொல்கிற ஆளைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கம்பியின் அடியில் கட்டை கிடந்தது, அதைப் பார்க்காமலிருக்க முயன்றேன். மைதானத்தில் ஒலிபெருக்கி பேசுவது கேட்டது. கடைசியில் எதிர்ச் சாயாக்கடைக்காரர் கேசவன் ரோட்டைத் தாண்டி வந்தார். மலையாளக்காரர். நம் கூட்டம் நடக்கிற நாளெல்லாம் பயந்து கடையைப் பாதி சாத்தி வைப்பவர். "அண்ணா, ஞான் பறயாம்," என்று, பலகை பார்த்துச் சொல்லப் பின்னால் போய் நின்றார். "போட்டே... போட்டே... இச்சிரி இடத்தோட்டு... மதி." வரச் சொன்னதும், கொஞ்சம் இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னதும், நிற்கச் சொன்னதுமாக அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் நான் கீழ்ப்படிந்தேன். தரையில் இறங்கியதும் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார்.

இதுவரை சொன்னதை எல்லாம் பதற்றத்தில் செய்த தப்பு என்று யாராவது மன்னிக்கலாம். இனிச் சொல்வது நிதானமாகச் செய்தது. கூட்டம் முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் என்னைச் சுற்றி நின்று என்ன நடந்தது என்று கேட்டார்கள். "நிறுத்துக என்று உத்தரவு வரவில்லை," என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படிப்பட்ட உண்மைகளைத் தேர்ந்தெடுக்கத்தான் இத்தனை புத்தகம் படித்தேன் போலிருக்கிறது. செல்லையன் சொல்ல மறந்துவிட்டார் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள், நான் மறுக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் மாமனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தமிழ்ப் போரில் விழுப்புண் பட்டவர் என்று ஒருவர் பேசினார். கவனக்குறைவு என்பதையும் இரக்கத்தோடு குறிப்பிட்டார். மூன்று விரல் போயிருந்தது, பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மாமன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைக் காட்டி, "அத்தானுக்கு மலையாளம் தெரியாதுல்லா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தாலுகாவில் என் அளவுக்கு மலையாளம் படித்தவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும். நானும் சிரித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சிரித்து முடிக்கிற வரைக்கும். அதற்கப்புறம் இன்று வரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. நான் எடுப்பேன் என்று காத்திருக்கிறாரோ என்னவோ.

உனக்கும் உன் அம்மாவுக்கும் நான் சொன்னது கமிட்டிக்குச் சொன்னதேதான். ஊரில் அது அப்படியே நிலைத்துவிட்டது. கார் வைத்திருக்கிறவர்கள், செல்லையன் முன்னால் நிற்பதானால் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பாவம் பார்த்தார்கள். டிரெய்லர் நின்றது. எல்லையும் ஒருநாள் முடிவாயிற்று. மார்த்தாண்டத்தோடு விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாம் இந்தப் பக்கம் இருந்தோம். பலகையை ஒரு சனிக்கிழமை நானே கழற்றினேன். இரண்டு வரியும் இருந்தன, இரண்டு ஊரும் வரவில்லை. அதற்காக அழுதவர்கள் உண்டு, சிறைக்குப் போனவர்களும் உண்டு, அவர்களுடைய துக்கத்தை நான் கேலி செய்யவில்லை. என் பங்குக்கு நான் அந்தப் போராட்டத்தில் கொடுத்தது என்னுடைய கை இல்லை.

ஆகவே உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். டிரெய்லரை எடுத்துக்கொள். முதல் வேலையாக மேல்கம்பியை அறுத்துவிடு, முழங்காலுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். கதவு திறக்க வேண்டும், உள்ளே இருப்பவன் தன் காலால் இறங்கி வர வேண்டும். ஒரு இழுவைச் சக்கரம் தேடி வாங்கி மாட்டு. கட்டையைக் கையால் வைக்காதே, ஒரு நீளக் கம்பியில் பற்றவைத்துத் தள்ளு. எஞ்சின் முன்னால். சங்கிலி ஆக்சிலில். கொஞ்ச தூரம் போய் இறங்கிப் பார். முன்னால் நிற்கிறவர் வாயில் எந்தச் சொல் முதலில் வருகிறதோ அதுதான் உத்தரவு. அது எந்தப் பாஷை என்று அப்புறம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கலாம். ஊரில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் எந்தக் காரியத்தையும் வேறு மாதிரி செய்யாதே. அந்த நாலு பேரும் அரைமணி நேரத்தில் போய்விடுவார்கள். நீ காருக்குள் இருப்பாய்.

முன்னால் நிற்க ஆள் வேண்டும் என்றால் உன் மாமனைக் கூப்பிடு. கைக்கு வேலை வராவிட்டாலும் கண்ணும் குரலும் அப்படியே இருக்கின்றன. அவர் நேரத்துக்குச் சொன்னார். நான்தான் நிற்கவில்லை. எனக்காகச் செய்யாதே, எனக்கு நீ கடன்பட்டது ஒன்றுமில்லை. நான் சொன்னதை நம்பி அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தாய், அந்த முடிவு தப்பு, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, நேராக அவர் வீட்டுக்குப் போய், உன் கடிதம் வந்துவிட்டது என்றும் அதில் என்ன எழுதியிருந்தாய், ஏன் எழுதினாய் என்றும் சொல்லப்போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. தமாஷாக ஏதாவது சொன்னால் நல்லது.

நேற்று காரோட்டில் ஒரு கல்யாணம். உன் அம்மாவும் நானும் போயிருந்தோம், மாமனும் மாமியும் வந்திருந்தார்கள். முதல் பந்திக்கு அவரைக் கூப்பிட்டேன், பிறகு உட்காருகிறேன் என்றார். கடைசிப் பந்தியில், பந்தி விளம்பிப் பரிமாறுகிறவர்கள் சாப்பிட உட்கார்ந்த வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். இடது கையால் சாப்பிட்டார். கரண்டி வீட்டிலிருந்து சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார்.